ஜிம் முடிந்ததும் இறங்கும் பிரஷர்: மாத்திரையை நிறுத்தலாமா?

கடிதத்தின் சுருக்கம்

எழுதியிருப்பவர் தண்டையார்பேட்டையில் வசிக்கும் 44 வயது வாசகர். துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் யார்டில் கிரேன் ஆபரேட்டர். ஓராண்டுக்கு முன் மெடிக்கல் செக்-அப்பில் 154/98 என்று தெரிய வந்தது. டெல்மிசார்டான் 40 மி.கி.யும் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி.யும் சேர்ந்த மாத்திரையைத் தினமும் காலையில் போடச் சொன்னார்கள். நான்கு மாதமாக வாரத்தில் நான்கு நாள், விடியற்காலை ஐந்தரைக்கு ஜிம் போகிறார். மற்ற நாள்களில் முக்கால் மணி நேரம் வேக நடை. ஞாயிறன்று நண்பர்களோடு ஃபுட்பால்.

வீட்டு பிரஷர் மெஷினைக் கையோடு கொண்டுபோய் அளந்து குறித்தும் வைத்திருக்கிறார். நடை நாளில் கிளம்பும் முன் 142/90, முடிந்து அரை மணியில் 132/84. ஜிம் நாளில் கடைசி லெக் பிரஸ் (காலால் எடை தள்ளும் பயிற்சி) செட் முடிந்த கையோடு 172/88, இருபது நிமிடம் கழித்து 104/64. மறுநாள் காலை எழுந்ததும் 144/92. "கஷ்டப்பட்டுச் செஞ்சா பிரஷர் நல்லா எறங்கும், மாத்திரையே வேணாம்" என்கிறார் ஜிம் மாஸ்டர். அதை நம்பி ஜிம் போகும் நாள்களில் மாத்திரையை விட்டுவிடுகிறார். அந்த 172-ஐப் பார்த்த அவர் மனைவியோ "பக்கவாதம் வந்துடும், ஜிம்மே வேணாம்" என்று தடுக்கிறார்.

இடையில் இரண்டு சம்பவங்கள். டிரெட்மில்லில் எட்டு ரவுண்டு வேக ஓட்டம் முடித்து, ஸ்டாப் பட்டனை அழுத்தி இறங்கி, ஷூ லேஸை அவிழ்க்கக் குனிந்து நிமிர்ந்தபோது கண் இருட்டிவிட்டது. சுவரைப் பிடித்து நின்றிருக்கிறார். இன்னொரு நாள் எட்டு மணி ஷிஃப்டுக்கு கிரேன் ஏணியில் ஏறும்போது பாதியில் தலை கிறுகிறுத்தது. "என் பிரஷர் 172-ஆ, 104-ஆ? யார் சொல்வதைக் கேட்பது?" இதுதான் அவர் கேள்வி.

மருத்துவரின் பதில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பிரஷர் 172-ம் இல்லை, 104-ம் இல்லை. நோட்டில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, காலை எழுந்ததும் 144/92 என்று, சிகிச்சையை முடிவு செய்ய வேண்டிய எண் அதுதான். வீட்டில் அளக்கும் சராசரி 135/85-க்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம். ஆகவே உங்கள் பிரஷர் இன்னும் கட்டுக்குள் வரவில்லை. வாரத்தில் நான்கு நாள் மாத்திரையை விட்டால் வரவும் வராது. டெல்மிசார்டானின் முழுப் பலன் தெரிய, விடாமல் போட்டாலும் நான்கு வாரம்வரை ஆகும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால், மருந்து ஏறுவதும் இறங்குவதுமாகவே வாரம் கழிந்துவிடும்.

இன்று எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டியது: நாளை காலையிலிருந்து மாத்திரை தினமும். இத்தனை நாள் விட்டதையும் இந்த இரண்டு மயக்கத்தையும் உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவரைப் பார்க்கும்வரை டிரெட்மில் வேக ஓட்டம், லெக் பிரஸ், ஃபுட்பால் மூன்றையும் நிறுத்தி வையுங்கள். நடை மட்டும் தொடரட்டும்.

172 ஏன் வந்தது

உங்கள் மனைவியின் பயம் இயல்பானது. ஆனால் உடற்பயிற்சியின்போது மேல் எண் ஏறுவது நோய் இல்லை. தசைக்கு ரத்தம் கூடுதலாகத் தேவைப்படும்போது இதயம் வேகமாகவும் பலமாகவும் தள்ளுகிறது. வேக நடையில் 150, 160 என்றும், மூச்சிரைக்க ஓடும்போது 180, 200 என்றும் போவது பலருக்கும் சகஜம். கீழ் எண் பெரிதாக மாறாது, சற்று இறங்கவும் செய்யும். ஆண்களுக்கு 210-ஐத் தாண்டினால்தான் அளவுக்கு மீறிய ஏற்றம் என்று சோதனைக்கு அனுப்புவோம்.

கனமான எடை தூக்குவது வேறு கதை. மூச்சை அடக்கி முக்கித் தள்ளும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் எகிறுகிறது. இறுகிய தசைகள் ரத்தக்குழாய்களை நெரிக்கின்றன. மேல் எண், கீழ் எண் இரண்டுமே சேர்ந்து பாய்கின்றன. பாடி பில்டர்களின் ரத்தக்குழாய்க்குள்ளேயே கருவியைச் செலுத்தி அளந்த 1985-ம் ஆண்டு ஆய்வு ஒன்றில், இரண்டு காலாலும் லெக் பிரஸ் தள்ளும்போது சராசரி 320/250 வரை போனது. எடையை வைத்த சில விநாடிகளில் அது சரிந்தும்விட்டது. கைப்பட்டை மெஷின் காற்றேற்றி, இறக்கி, எண் காட்ட முக்கால் நிமிடம் ஆகும். நீங்கள் பார்த்த 172 அந்தச் சரிவின் நடுவில் எங்கோ பிடிபட்ட ஒரு புள்ளி. அதில் மூச்சிரைப்பு, கை நடுக்கம், வியர்வை ஈரம் எல்லாம் கலந்திருக்கிறது. ஜிம் முடிந்த முதல் பத்து நிமிடத்தில் எடுக்கும் எந்த எண்ணையும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஜிம்முக்குப் போகும் முன் 'ப்ரீ-ஒர்க்அவுட்' பவுடர் ஒரு ஸ்கூப் கலக்கிக் குடிப்பதாக ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்திவிடுங்கள். பல பிராண்டுகளில் ஒரு ஸ்கூப்பில் 200 முதல் 300 மி.கி. வரை கஃபீன் இருக்கிறது; இரண்டு, மூன்று டம்ளர் ஸ்ட்ராங் காபியை ஒரே மடக்கில் குடிப்பதற்குச் சமம். பிரஷர் உள்ளவருக்கு இது வேண்டாத சுமை. உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையும் அப்படித்தான். பிரஷரை ஏற்றும், உங்கள் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். டெல்மிசார்டான், உங்கள் மாத்திரையிலுள்ள நீர் பிரிக்கும் மருந்து (ஹைட்ரோகுளோரோதயசைடு), வலி மாத்திரை மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்து, வியர்த்து நீர்ச்சத்தும் குறைந்திருந்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து.

104 என்பதற்குள் இரண்டு இறக்கங்கள்

உங்கள் மாஸ்டர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் உங்களைச் சுவரைப் பிடிக்க வைத்தது.

முதல் இறக்கம் நல்லது. கழுத்து ரத்தக்குழாயிலும் மகாதமனியிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. பயிற்சிக்குப் பிறகு மூளை இவற்றின் குறியளவைச் சற்றுக் கீழே வைத்துக்கொள்கிறது. ரத்தக்குழாய்களை இறுக்கும் நரம்புகளின் ஓசை அடங்குகிறது. வேலை செய்த தசைகளில் ஹிஸ்டமின் சுரந்து அங்குள்ள குழாய்களை விரிக்கிறது. ஆம், அலர்ஜி என்றதும் நினைவுக்கு வரும் அதே ஹிஸ்டமின்தான். பிரஷர் உள்ளவர்களுக்கு மிதமான ஒரு பயிற்சிக்குப் பிறகு இந்த இறக்கம் சராசரியாக 5 முதல் 7 புள்ளி. சில மணி நேரம் நிச்சயம், சிலருக்கு 22 மணி நேரம்வரைகூட நீடிக்கும். உங்கள் நடை நாளில் 142 என்பது 132 ஆனதே, அது இந்த வகை. தலைசுற்றல் இல்லை, வேலைக்கு இடைஞ்சல் இல்லை.

இரண்டாவது இறக்கம் வெறும் ரத்தத் தேக்கம். ஓடும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வொரு எட்டிலும் பம்பு போலக் கால் ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது. ஸ்டாப் பட்டனை அழுத்தி அசையாமல் நின்றதும் பம்பு நின்றுவிடும். காலின் குழாய்களோ விரிந்தபடியே இருக்கும். ரத்தம் காலில் தங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைந்து, மூளைக்குப் போவதும் குறையும். இதற்கு மேல் குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டத்தான் செய்யும். இந்த இறக்கத்தால் உங்களுக்கு நயா பைசா லாபமில்லை.

உங்கள் விஷயத்தில் இதைப் பெரிதாக்கியவை இன்னும் சில. இரவு முழுதும் தண்ணீர் இல்லாமல் எழுந்து, அரை டம்ளர் காபியோடு கிளம்புகிறீர்கள். முந்தின நாள் நடைக்குப் பின் போட்ட மாத்திரையிலுள்ள நீர் பிரிக்கும் மருந்து உடம்பின் உப்பையும் நீரையும் ஏற்கெனவே சற்று வெளியேற்றியிருக்கும். போதாததற்கு ஷீட் கூரை போட்ட ஜிம். கடலோரக் காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை ஊற்றுமே தவிர உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. சூட்டை வெளியேற்றத் தோலின் ரத்தக்குழாய்களும் விரிகின்றன. காலில் கொஞ்சம், தோலில் கொஞ்சம் என்று ரத்தம் பங்கு பிரிந்துவிட்டால் மூளையின் பங்கு குறையாமல் என்ன செய்யும்?

கடினம் கூடினால் இறக்கமும் கூடுமா?

கூடும். பிரஷர் உள்ள ஆண்களிடம் ஒரே நபரை வெவ்வேறு நாளில் லேசாகவும் மிதமாகவும் கடுமையாகவும் சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்த்ததில், கடினம் ஏற ஏற அன்றைய பகலில் மேல் எண் கூடுதலாக இறங்கியிருந்தது. ஆனால் இதைக் கேட்டதும் 'அப்படியானால் முழு வேகம்தான் சரி' என்று போய்விடக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிட லேசான பயிற்சிக்கே இறக்கம் தொடங்கிவிடுகிறது. மிதத்திலிருந்து கடினத்துக்கு ஏறும்போது கிடைக்கும் கூடுதல் லாபம் சில புள்ளிகள். அதே ஏற்றத்தில் தலைசுற்றலும், மாரடைப்புக்கான தற்காலிக அபாயமும் கூடுகின்றன. எந்தக் கடினமானாலும் ஒருநாள் இறக்கம் மறுநாளோடு கரைந்துவிடும். உங்கள் மறுநாள் 144/92-தான் அதற்குச் சாட்சி. நிலையான இறக்கம் வாரக்கணக்கில் விடாமல் செய்பவருக்கே சேர்கிறது.

எது மிதம், எது கடினம் என்று உங்கள் வாட்ச்சில் பார்க்கலாம். 220-லிருந்து வயது 44-ஐக் கழித்தால் 176. அதிலிருந்து ஓய்வு நாடித்துடிப்பைக் கழியுங்கள். 76 என்று எழுதியிருக்கிறீர்கள், மீதி 100. இந்த நூறில் 40 முதல் 60 சதவீதத்தை 76-உடன் கூட்டினால் 116 முதல் 136 வரை உங்கள் மித எல்லை. அதற்கு மேல் 161 வரை கடினம். வேக ஓட்டத்தில் 168 காட்டுவதாகச் சொல்கிறீர்கள். அது 92 சதவீதம். நான்கு மாதம் முன்பு தொடங்கிய, பிரஷர் கட்டுப்படாத ஒருவர் வாரத்தில் நான்கு நாள் போக வேண்டிய இடம் இல்லை. வாட்ச் இல்லாதவர்களுக்கு எளிய அளவு: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அட்டினலால், மெட்டோப்ரொலால் போன்ற, நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை போடுபவர்களுக்கு நாடித்துடிப்புக் கணக்கு பொருந்தாது, பேச்சளவுதான் சரி.

முதல் நான்கு வாரத்துக்கு

டாக்டர் பார்த்துச் சரி என்றபின் இப்படித் தொடங்குங்கள். வாரத்தில் ஐந்து நாள் 30 முதல் 40 நிமிடம் வேக நடையோ சைக்கிளோ, 116-க்கும் 136-க்கும் இடையில். ஜிம் நாளை இரண்டாகக் குறையுங்கள். எடையை ஒரு செட்டில் 12 முதல் 15 முறை தூக்க முடிகிற அளவுக்கு இறக்குங்கள். 'இன்னும் இரண்டு முறை முடியும்' என்ற இடத்தில் நிறுத்துங்கள். தள்ளும்போது மூச்சு வெளியே, இறக்கும்போது உள்ளே. மூச்சை அடக்காமல் தள்ள முடியவில்லை என்றால் எடை அதிகம் என்று அர்த்தம். செட்டுகளுக்கு நடுவே ஒன்றரை நிமிடமாவது ஓய்வு.

இதோடு சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் உட்காரும் 'வால் ஸ்குவாட்' சேர்த்துக்கொள்ளுங்கள். 2 நிமிடம் உட்கார்ந்து 2 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று, வாரத்தில் மூன்று நாள். தொடக்கத்தில் தொடை எரிந்தால் கொஞ்சம் உயரமாக உட்காருங்கள். மூச்சு சீராக ஓடட்டும். 270 ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் வெளியான கட்டுரையில், அசையாமல் தாங்கும் இந்த வகைப் பயிற்சி ஓய்வு பிரஷரை சராசரியாக 8/4 புள்ளி குறைத்திருந்தது. நடை, ஓட்டம் வகை ஏறக்குறைய 4.5/2.5. நீங்கள் உயிரைக் கொடுத்து ஓடும் வேக ஓட்ட வகையும் ஏறக்குறைய 4/2.5 தான். உங்கள் மாஸ்டரிடம் இந்த எண்களைக் காட்டுங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வியர்வையின் அளவை வைத்துப் பலனை அளக்கிறார், அவ்வளவுதான்.

வேக ஓட்டம் அடியோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுச் சராசரி 135/85-க்குக் கீழ் வந்து, இ.சி.ஜி.யும் டாக்டர் தேவையென்றால் டிரெட்மில் பரிசோதனையும் முடிந்தபின் வாரத்தில் ஒரு நாள், ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெதுவாக என்று ஆறு சுற்று போதும். ஃபுட்பாலும் பிரஷருக்கு நல்லதுதான். ஆனால் மாற்று ஆள் இறங்க வெளியே வந்ததும் தரையில் தொப்பென்று உட்காராமல், கோட்டோரமாக ஐந்து நிமிடம் நடங்கள்.

முடிக்கும் விதம்

டிரெட்மில்லின் ஸ்டாப் பட்டனை நேராக அழுத்தாதீர்கள். வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து 5 முதல் 10 நிமிடம் மெதுநடை. நாடித்துடிப்பு 110-க்குக் கீழே வரும்வரை இறங்க வேண்டாம். பிறகு ஸ்ட்ரெச்சிங். ஷூ லேஸை உட்கார்ந்து அவிழுங்கள், எழும்போது ஒரு நிமிடம் கெண்டைக்காலை அசைத்துவிட்டு எழுங்கள். சுடுதண்ணீர்க் குளியல் அரை மணி கழித்து. கிளம்பும் முன் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு டம்ளர் தண்ணீர். ஒருநாள் ஜிம்முக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. அதைச் சிறிது சிறிதாக ஒன்றரை மணி நேரத்தில் ஈடுகட்டுங்கள். உப்பு கலந்த பானம் தினசரி வேண்டாம். கருவாடும் ஊறுகாயுமே உங்களுக்குத் தேவைக்கு மேல் உப்பைத் தந்துவிடும்.

கண் இருட்டினால் சுவரைப் பிடித்து நிற்காதீர்கள். அந்த இடத்திலேயே உட்காருங்கள், முடிந்தால் படுத்துக் காலை உயர்த்துங்கள். ஜிம்மில் யாராவது மயங்கினால் இரண்டு பக்கமும் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவார்கள். அது தவறு, மூளைக்கு ரத்தம் போக ஆள் கிடக்க வேண்டும்.

கிரேன் ஏணி

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். ஆறே முக்காலுக்கு ஜிம் முடிகிறது, எட்டு மணிக்குப் பல மாடி உயரம் ஏறுகிறீர்கள். பிரஷர் மிகத் தாழ்ந்திருக்கும் நேரமும் ஏணியும் ஒன்றாகச் சேர்கின்றன. எடைப் பயிற்சியும் வேக ஓட்டமும் ஷிஃப்டுக்குப் பிறகோ வார விடுமுறையிலோ மட்டும். வேலை நாள் காலையில் நடை, வால் ஸ்குவாட் போதும்.

ஏறும் முன் ஒரு சோதனை: ஐந்து நிமிடம் உட்கார்ந்து அளங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினாலோ, எண் சரியாக இருந்தும் தலை லேசானது போலிருந்தாலோ அன்று ஏற வேண்டாம். சூப்பர்வைசரிடம் தரை வேலை கேளுங்கள். வேலை போய்விடுமோ என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் கம்பெனி டாக்டரிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்வது, மேலே ஏதாவது நடந்தபின் அவர்கள் தெரிந்துகொள்வதைவிட எவ்வளவோ மேல்.

டாக்டரிடம் கொண்டுபோக வேண்டியது

ஜிம்மில் அளந்த பிரஷர் குறிப்புகள் வேண்டாம். ஏழு நாள், காலையில் மாத்திரைக்கு முன், இரவு சாப்பாட்டுக்கு முன், ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து எழுதுங்கள். அளக்கும் முன் அரை மணி நேரம் காபி, பீடி, சிகரெட், பயிற்சி எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, பேசாமல் ஐந்து நிமிடம் உட்காருங்கள். பட்டை வெறும் கையில், இதய உயரத்தில். முதல் நாளை விட்டுவிட்டு ஆறு நாள் சராசரி போடுங்கள். மணிக்கட்டு மெஷின் வேண்டாம்.

ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டுவது), சோடியம், பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். நீர் பிரிக்கும் மருந்து தேவையா, அளவை மாற்றலாமா, மாத்திரையை மாலைக்கு நகர்த்தலாமா என்று கேளுங்கள். காலையில் போடுவதும் இரவில் போடுவதும் இதயத்துக்கு ஒரே பாதுகாப்பைத் தருகின்றன என்று 2022-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது, அதனால் அவருக்கு மாற்ற இடமுண்டு. நீங்களாக மாற்றாதீர்கள். செலவு ஒரு காரணமென்றால் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள். பெரிய பரிசோதனைக்கு உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தான்.

உங்கள் மனைவிக்கு: அவர் ஜிம்மை நிறுத்த வேண்டியதில்லை, நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு. ஓய்வில் 180/110 அல்லது அதற்கு மேல் காட்டினால் அன்று பயிற்சி கிடையாது, டாக்டரைப் பார்க்க வேண்டும். ஓடி முடித்த பிறகு இல்லாமல் ஓடும்போதே மயங்கினால், நெஞ்சு இறுகினால், இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினால், முகம் கோணினால், ஒரு பக்கக் கை கால் தளர்ந்தால், பேச்சு குழறினால், மெஷினைத் தேட வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.